நண்டு வளையும் ஓங்கிய அரிவாளும்

நான் எடுத்ததிலேயே சிறந்த புகைப்படம் ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 'சிறந்த' என்ற சொல்லை இன்னும் விடாமல் எழுதுகிறேன் பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் வெட்கம்.

ஆட்சி மாறிய புதிது. மன்னார்குடியைச் சுற்றி வயலுக்கு வயல் கூலித் தகராறு. கடைத்தெருவில் நான் ஸ்டுடியோ திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. (நெற்றியில் முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டால் மேதை ஆகிவிடலாம் என்று நம்பிய வயது.)

சம்பா அறுவடையின் முதல் நாள், தன்னை வயலோடு சேர்த்துப் படமெடுக்கச் சொல்லி ஒரு மிராசுதார் கூப்பிட்டார். வரப்பில் குடையோடு நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். படத்துக்கு உயிர் வேண்டாமா? அறுத்துக்கொண்டிருந்த மாரிமுத்துவைக் கூப்பிட்டு அவருக்கு எதிரில் நிறுத்தினேன்.

"அருவாளை நல்லா தலைக்கு மேல ஓங்குங்க."

"இப்படி யாருங்க தம்பி கதிர் அறுப்பாங்க?" என்றார் மாரிமுத்து.

அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு படத்தைக் கெடுக்கும் என்று அவர்களைத் தள்ளிப்போகச் சொன்னேன். மாரிமுத்து ஓங்கினார். அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் கால் வரப்பிலிருந்த நண்டு வளைக்குள் இறங்கியது. அவர் வாயைப் பிளந்தார். நான் பொத்தானை அமுக்கினேன்.

கழுவிப் பார்த்தால், உயிருக்குப் பயந்து அலறும் மிராசுதார். வெட்ட வரும் மாரிமுத்து. நண்டு வளை படத்தில் விழவே இல்லை. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன். டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம், "நெசமாவே வெட்டப் போனாருங்க, நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்" என்று அளந்தேன். மிராசுதார் ஒரு பிரதி கேட்டார். ஃபிரேம் போட்டே கொடுத்தேன்.

அடுத்த வாரம் கூலி உயர்வு கேட்டு மாரிமுத்துவும் மற்றவர்களும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மறுநாளே, மாரிமுத்து தன்னைக் கொல்ல வந்ததாக மிராசுதார் போலீசில் புகார் கொடுத்தார், என் படத்தோடு.

கோர்ட்டில் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஓங்கச் சொன்னது நான், மிராசுதார் அலறியது நண்டு வளையால் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சர்க்கார் வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீக்கடையில வேற மாதிரி சொன்னீங்களாமே?" என்றார். டீக்கடைக்காரரே சாட்சிக்கு வந்திருந்தார். நண்டு வளைக்கு மொத்தக் கோர்ட்டும் சிரித்தது. மாரிமுத்துவுக்கு ஒரு வருஷம் போட்டார்கள்.

தண்டனை முடிந்து வந்தவர், மகள் கல்யாணத்துக்கு முன் குடும்பப் படம் எடுக்க என்னிடமே வந்தார். (பக்கத்தில் வேறு ஸ்டுடியோ கிடையாது.) மனைவிக்கும் மகளுக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினேன். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"கையை எங்க வச்சுக்கணும் தம்பி? நீங்க சொல்ற எடத்துல வச்சுக்கறேன்."

வாய் சும்மா இருக்காமல் இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், கேமராவைக் கண்டதும் பேரப்பிள்ளைகள் வரை என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "எங்க வச்சுக்கணும் தம்பி?" என்று கேட்கிறார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது படம் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் படங்களிலெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.