சைட்டேஷன் சாரின் மொட்டை

அந்த வெள்ளிக்கிழமை லேபில் இருந்தவர்கள்: சைட்டேஷன் சார். அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுகுணாம்மா. பாட்டில் கழுவும் அட்டெண்டர் நான். அப்புறம் ஃபிரிட்ஜ். அதற்கும் சார் தினம் குட் மார்னிங் சொல்வார், அதனால் சேர்த்துக்கொள்கிறேன்.

திருப்பதியில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

செடிக்குள் இருக்கும் டிஎன்ஏவை எடுத்துப் பார்ப்பது அவர் வேலை. மாலிக்யுலர் பயாலஜி. அவர் எழுதிய கட்டுரையை இன்னொரு விஞ்ஞானி தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். எட்டாவதோடு நின்ற எனக்கே இது புரிந்துவிட்டது. அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

காலையில் கம்ப்யூட்டரில் ஒரு சைட்டேஷன் ஏறியிருந்தால் எல்லோருக்கும் போண்டா. பக்கத்து டிபார்ட்மென்ட்காரர்கள் என்னிடம் விசாரிப்பார்கள். "முனிரத்னம், இன்னிக்கு ஏதாவது ஏறிச்சாப்பா? நாங்க டிபன் துன்னாம வந்துட்டோம்."

சித்தூரில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது போனில் புது சைட்டேஷனைப் பார்த்து "பிரேசில்!" என்று கத்தினார். சம்பந்தியம்மா பயந்துவிட்டார். "பசங்க ஊர் சுத்த அவ்ளோ தூரம் எதுக்குங்க? ஊட்டி போதும்."

அவருடைய பெரிய கட்டுரை பலமனேர் தக்காளியைப் பற்றியது. இலை சுருங்கும் நோய். பார்க்க நன்றாக இருக்கும் செடிக்குள்ளும் அந்தக் கிருமி ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். எண்ணிக்கை பிய்த்துக்கொண்டு போனது. மொத்தம் நூறு ஆனால் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தார். ஆனது. மலைக்குப் போய் மொட்டையோடு வந்தார்.

அடுத்த வாரம் புரொஃபசர் பதவிக்கு இன்டர்வியூ. இருபது வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சுகுணாம்மா, சாரைக் குறிப்பிட்டிருந்த மற்றவர்களின் கட்டுரைகளைத் திறந்து படித்தார்.

"சார், இவங்க எல்லாம் நம்மளத் திட்டிக்கினு இருக்காங்க. நல்ல செடியில ஒண்ணுமே இல்லியாம்."

"திட்டணும்னாலும் என் பேரைச் சொல்லித்தானம்மா திட்டணும்? எண்ணிக்கை எண்ணிக்கைதான்."

"வேற எந்த ஊர்லயும் இல்ல, நம்ம பலமனேர்ல மட்டும் எப்டி சார் இருக்கும்?"

என் கையில் சோப்பு நுரை. அப்படியே நின்றேன்.

"சார், அந்த வருஷம் பைப்புல தண்ணி வரல. இலை அரைக்கிற குட்டி உரலை எல்லாம் ஒரே பக்கெட்ல அலசினேன். நோவு இலை அரைச்சதையும் அதுலதான், நல்ல இலை அரைக்கிறதையும் அதுலதான்."



சுகுணாம்மா எழுந்து கதவைச் சாத்தினார். "ஒரே வாரம் சார். இன்டர்வியூ முடியட்டும். அப்பால சொல்லிக்கலாம்."

சார் மொட்டையைத் தடவினார். "முனிரத்னம், பலமனேருக்கு பஸ் ஏறு. இலை பறிச்சிக்கினு வா."

ஐந்து கேன் தண்ணீர் வாங்கினார். உரல்களை அவரே கழுவினார். நான் பக்கத்தில் நின்றேன். நல்லாக் கழுவினார் என்று சொல்ல முடியாது. மூன்று நாளில் தெரிந்துவிட்டது. நல்ல இலையில் ஒன்றும் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினார். பயோடேட்டாவிலும் அதை அடித்தார். நூறு சைட்டேஷனில் மீதி முப்பத்தெட்டு.

"சாமிகிட்ட கணக்கு ஒதைக்குமே சார்," என்றார் சுகுணாம்மா. கண் கலங்கியிருந்தது. "முடியைத் திருப்பித் தருவாரா?"

"தந்துகினுதான் இருக்காரு, பாரு." குனிந்து காட்டினார்.

என் வேலை போச்சு என்று எங்கள் ஊர் வெதுருகுப்பத்துக்குப் போன் போட்டு வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் என் பேரே இல்லை. தன் மேற்பார்வையில் நடந்த தப்பு என்றுதான் எழுதியிருந்தாராம்.

"கழுவினது நான்தான சார்?"

"நல்ல பேரு வந்தப்ப உன் பேரைப் போட்டனா? இப்ப போட எனக்கு இன்னாய்யா யோக்யதை?"

புரொஃபசர் பதவி கிடைக்கவில்லை. இருந்த பதவியிலேயே ரிடையர் ஆனார். சித்தூரில் இருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசியில் ஒரு வரி. பாத்திரம் கழுவிக் கொடுத்தவருக்கு நன்றி, என்று. கூடவே பேர். இங்கிலீஷில் எனக்கு என் பேர் மட்டும் படிக்கத் தெரியும். தேடிப் பிடித்துவிடுவேன்.

எண்ணி வைத்திருக்கிறேன். பதினொன்று.