அமைதி அலுவலரின் கிளட்ச்

எல்ம்கோவ் நகரில் சத்தம் போடக்கூடாது என்று சட்டம் இருந்தது. கனடாவில் ஹ்யூரான் ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் சத்தம் போடுகிறவர்கள் யாரும் இல்லாதிருந்தவரை அந்தச் சட்டம் வெகு சிறப்பாக அமலில் இருந்தது. கடற்காகங்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவை சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டா என்று நகர வழக்கறிஞர் கருத்துத் தெரிவித்திருந்தார்.

பிறகு கோல்பி என்கிற இளைஞன் ஒரு பழைய காரை வாங்கி, அதன் சைலன்சரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றினான். அதைப் பார்த்து அவன் சிநேகிதர்களும் தங்கள் சைலன்சர்களைக் கழற்றினார்கள். அந்த வருஷத்து நாகரிகம் அதுதான் என்று ஆகிவிட்டது. ஏரிக்கரைச் சாலையில் இருந்த வீட்டு மாடியிலிருந்து மிஸஸ் பிக்கர்ஸ்கில் என்ற அம்மாள் தினமும் நகர அலுவலகத்துக்குப் போன் செய்தார். போனில் அவர் போட்ட சத்தத்தைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

நகர மன்றம் கூடியது. பொதுநலன் கருதி 'அமைதி அலுவலர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதில் மெர்வின் ஆஸ்ட்ராண்டரை அமர்த்தியது. மெர்வின் பல வருஷமாக நகர நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிற வேலை பார்த்தவர். அவர் அங்கே வேலை செய்கிறார் என்பதே நூலகத்துக்கு வருகிற பலருக்குத் தெரியாது. "அமைதிக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேணும்?" என்று நகர நிர்வாகி கிளிஃபர்ட் டன்ஸ்மோர் கேட்டார்.

மெர்வினுக்கும் சந்தோஷம்தான். அவர் மனைவி லோயிஸ் மருத்துவமனையில் இரவு நர்ஸ். ஊர் விழித்திருக்கும்போது தூங்கவேண்டியவள்.

"இனி நிம்மதியாத் தூங்கு, லோயிஸ். சட்டமே நம்ம வீட்டுலதான் இருக்கு" என்றார் மெர்வின்.

"சட்டம் குறட்டை விடாம இருந்தாச் சரி" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அலுவலருக்கு ஒரு வாகனம் வேண்டுமே. ஏலத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ பூட்டி, இப்போது கிழடுதட்டிப்போன வேகக் கார் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. வெள்ளை என்பது தெரிந்திருந்தது. கிளட்சை மிதித்து கியர் மாற்றி ஓட்டுகிற வித்தை அலுவலகத்திலேயே மெர்வினுக்கு மட்டும்தான் கைவந்தது. கதவில் ஒரு புறா வரைந்து, கீழே 'அமைதி' என்று எழுதினார்கள். ஓட்டுநர் முன்னால் சத்தத்தை அளக்கிற மீட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள்.

முதல் நாள் மாலையே ஏரிக்கரைச் சாலைச் சிவப்பு விளக்கில் கோல்பியின் காருக்குப் பின்னால் மெர்வின் போய் நின்றார். பச்சை விழுந்தது. கோல்பி போய்விட்டான். மெர்வின் சாலையின் நடுவே, கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு காருக்குள் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. அவன் வீட்டுக்கே போய் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்றால், வாகனம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் நிலையில் அளக்கப்பட வேண்டும் என்பது விதி. வீட்டு வாசலில் நிற்கிற கார் சத்தம் போடுவதில்லை.

டோனட் கடையில் கோல்பி தானாகவே அவர் மேஜைக்கு வந்தான்.

"மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பச்சை விழுந்தா உங்க கார் கொட்டாவி விடுது. எனக்கே பாவமா இருக்கு."

"நீ கொஞ்சம் நின்னா நான் நோட்டீஸ் குடுத்துடுவேன்."

"அதனாலதான் நிக்கறதில்லை" என்று சொல்லி, அவருக்கும் சேர்த்து ஒரு காபி வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

மெர்வின் இதை டன்ஸ்மோரிடம் உள்ளது உள்ளபடி சொன்னார். டன்ஸ்மோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு கொள்கை பிறக்கப் போகிறது என்று அர்த்தம்.

"அப்போ, நம்ம கார் மெதுவாப் போறதாலதான் ஊர்ல சத்தம் இருக்கு."

"அப்படியும் சொல்லலாம் சார்."

"அப்படித்தான் சொல்லணும், மெர்வின். அமைதிக்குக் குறுக்கே நிக்கறது நம்ம எஞ்சின்."

அமைதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் எஞ்சினைப் பலப்படுத்த மன்றம் ஏகமனதாக அனுமதி வழங்கியது. கார் ஹாங்க் வான்டர்வீனின் பட்டறைக்குப் போனது. ஹாங்க் அதுவரை புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் பால் லாரிகளுக்கும் வைத்தியம் பார்த்துக் காலம் தள்ளியவர். மன்றத்தின் உத்தரவைக் கேட்டதும் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எஞ்சின்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம்னா சொன்னாங்க?"

"பொதுநலனுக்கு எது தேவையோ அதெல்லாம் பண்ணலாம்னாங்க."

"அப்போ நீ வாயைத் திறக்காம வீட்டுக்குப் போ, மெர்வ். யாராவது யோசிச்சுடப் போறாங்க."

ஹாங்க் பொதுநலனில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பழைய பிஸ்டன்களைக் கழற்றி எறிந்துவிட்டு, எவ்வளவு அடித்தாலும் தாங்குகிற புதிய பிஸ்டன்களைப் போட்டார். ஆப்பிள் அளவிலிருந்த டர்போவை எடுத்துவிட்டுப் பூசணிக்காய் அளவில் ஒன்றைப் பூட்டினார். டர்போ பெரிதானால் எஞ்சினுக்குள் போகிற காற்றும் அதிகம். போன காற்று வெளியே வரவும் வழி வேண்டும் என்று புகைக்குழாயை முழங்கை பருமனுக்கு ஆக்கினார். வேலை முடிந்ததும் நகர அலுவலகத்துக்கு அவரே வந்தார்.

"எஞ்சின் தயார். ஆனா இந்த முறுக்கு விசையைப் பழைய கிளட்ச் பிடிச்சு நிக்காது. வழுக்கும். அதையும் மாத்திடலாம்."

டன்ஸ்மோர் கோப்பைப் புரட்டினார். "கிளட்ச் மேல இதுவரை யாராவது புகார் குடுத்திருக்காங்களா?"

"இன்னும் ஓட்டவே இல்லையே."

"புகார் வராத பொருளுக்கு நிதி ஒதுக்க விதியில்லை, ஹாங்க்."

புகார் ஜூலை முதல் தேதி வந்தது. கனடா தின ஊர்வலத்துக்கு அமைதிக் கார்தான் முன்னோடி. பின்சீட்டில் டன்ஸ்மோர் கையசைத்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் பள்ளிக் குழந்தைகள், அதற்கும் பின்னால் ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டிய பைப் வாத்தியக்காரர்கள். தேவாலயத்து மேட்டில் ஏறும்போது மெர்வின் மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்தினார். எஞ்சின் வீறிட்டது. கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினார். எஞ்சின் உயிரைக் கொடுத்து உழைத்தது. சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. நடுவில் இருந்த கிளட்ச் இரண்டு தரப்புக்கும் நல்லபிள்ளையாக இருந்து, வழுக்கிப் புகைந்துகொண்டிருந்தது. நகர அலுவலக ஊழியர்கள் பலரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பாவாடை வாத்தியக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து காரைச் சுற்றிக்கொண்டு முன்னேறினார்கள்.

"ஏன் மெர்வின், எல்லாரும் நம்மளைத் தாண்டிப் போறாங்க?" என்று கையசைப்பதை நிறுத்தாமல் டன்ஸ்மோர் கேட்டார்.

"அவங்க நடந்து போறாங்க சார்."

தீய்ந்த நாற்றம் டன்ஸ்மோரின் கோட்டை விட்டு ஒரு வாரம் போகவில்லை. கிளட்சின் மேல் அவரே புகார் கொடுத்து, அவரே பெற்றுக்கொண்டு, அவரே நிதி ஒதுக்கினார்.

புதிய கிளட்ச் வந்தது. பந்தயக் கார்களுக்குச் செய்தது; எந்த முறுக்கையும் விடாமல் கவ்வும். கவ்வுவதும் விடுவதும் தவிர, இடைப்பட்டதாக எதையும் அது அறியாது. பெடலை மிதிக்க மெர்வின் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்ப வேண்டியிருந்தது. அவருடைய இடது கால் வலது காலைவிடப் பருத்தது. காரை மெதுவாக நகர்த்தவே முடியாது. 'நில்' என்கிற நிறுத்தப் பலகை வருகிற இடமெல்லாம் எஞ்சினை நன்றாக உறுமவிட்டுத்தான் பெடலை விடவேண்டும். இல்லாவிட்டால் கார் குலுங்கி அணைந்துவிடும். எல்ம்கோவில் தெருவுக்குத் தெரு நிறுத்தப் பலகை.

முதல் முறை ஊருக்கு வெளியே சோளக்காட்டுச் சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபோது, முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு டர்போ விழித்துக்கொண்டது. சோளக்காடு பச்சைக் கோடாகிப் பின்னால் போனது. மெர்வின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. நூலகத்தில் இருந்த காலம் முழுக்க அவர் சொல்லாத வார்த்தை. காரை ஓரமாக நிறுத்தி, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து அழுத்தினார்.

அன்று மாலை சிவப்பு விளக்கில் கோல்பியை அவர் முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தினார். கோல்பி இறங்கி வந்தான். மெர்வின் மீட்டரைக் காட்டினார்.

"பாரு. வரம்பை எவ்வளவு தாண்டியிருக்கே."

கோல்பி திரும்பிப்போய்த் தன் காரை அணைத்துவிட்டு வந்தான். மீட்டரின் முள் கீழே இறங்கவில்லை.

"மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர், அது என்னை அளக்கலை. உங்களை அளக்குது."

பிறகு கோல்பி அமைதிக் காரை ஒரு முறை சுற்றி வந்தான். புகைக்குழாய்க்கு முன்னால் குனிந்து நின்றான். அவன் முகம் சிறுத்துவிட்டது.

"நான் விலகிக்கறேன். இது நகரத்துப் பணம். நான் மாவு மில்லுல வேலை பாக்கறவன். உங்களோட போட்டி போட முடியாது."

அந்த மாதமே அவன் காரை விற்றுவிட்டுக் குடும்ப வேன் ஒன்று வாங்கினான். அவன் சிநேகிதர்களும் சைலன்சர்களைத் தேடியெடுத்து மாட்டினார்கள். ஊரில் சத்தம் போடுகிற தனியார் கார் ஒன்றுகூட மிச்சமில்லை. புகார்கள் மட்டும் முன்னைவிட அதிகமாயின.

"போன மாசத்தைவிட சராசரிச் சத்தம் ஏறியிருக்கு" என்றார் டன்ஸ்மோர். "ரோந்தை இரட்டிப்பாக்குங்க."

"ரோந்துதான் சார் சத்தம்."

"மெர்வின், அலுவல் சத்தம்னு ஒண்ணு, தனியார் சத்தம்னு ஒண்ணு. சட்டம் தனியார் சத்தத்தைத்தான் தடுக்குது. அது அடியோட ஒழிஞ்சுடுச்சு. வாழ்த்துக்கள்."

"அப்போ புகார்?"

"ஒவ்வொரு புகாரையும் அலுவலர் நேர்ல போய் விசாரிக்கணும். அதுவும் விதிதான்."

மெர்வின் நேரில் போய் விசாரித்தார். அந்தக் காரில்தான் போகவேண்டியிருந்தது. ஒரு வீட்டில் விசாரித்துத் திரும்புவதற்குள் வழியில் இருந்த வீடுகளிலிருந்து புதிய புகார்கள் வந்து காத்திருந்தன. ஊரே உழைத்து அவர் பதவியை நிரந்தரமாக்கிக்கொண்டிருந்தது.

லோயிஸ்தான் இந்த முன்னேற்றத்தில் பங்கு பெற மறுத்தாள். ஒரு நாள் மத்தியானம், கண் சிவந்து, சமையலறையில் வந்து நின்றாள்.

"கோல்பி கார் சாயங்காலம்தான் வரும், மெர்வின். உன்னோடது என் ஜன்னலுக்குக் கீழேயே குடியிருக்கு."

"அது அலுவல் வாகனம், லோயிஸ். அந்தச் சத்தம்..."

"நேத்து ராத்திரி வார்டுல ஊசியும் கையுமா நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். அது அலுவல் தூக்கமா, தனியார் தூக்கமா?"

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மெர்வின் தனியாக உட்கார்ந்து, டப்பாவில் இருந்த சூப்பைச் சுடவைக்காமலேயே குடித்தார். வீடு அமைதியாக இருந்தது. அமைதி இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போனில் லோயிஸைக் கூப்பிட்டு, அடுத்த பொதுக்கூட்டத்தில் காரை விற்றுவிடச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

"நீ சொல்றதை நான் கண்ணால பார்க்கணும்" என்றாள் லோயிஸ். வந்தும் விட்டாள்.

கூட்டத்துக்கு ஊரே திரண்டிருந்தது. மெர்வின் எழுந்தார். அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் பேசச் சொன்னார்கள்.

"இந்த ஊர்ல சத்தம் போடற கார் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார். "அதை நான்தான் ஓட்டறேன். அதை வித்துடணும்னு கேட்டுக்கறேன். என் பதவியையும் எடுத்துடலாம். நான் நூலகத்துக்கே போறேன்."

முன்வரிசையில் மிஸஸ் பிக்கர்ஸ்கில் எழுந்து நின்றார். இதுதான் சரியான தருணம் என்று மெர்வின் மூச்சு விட்டார்.

"வித்துட்டா?" என்றார் மிஸஸ் பிக்கர்ஸ்கில். "இந்தக் கோல்பிப் பையன் கார் வெச்சிருந்தப்போ நான் தினமும் போன் பண்ணினேன். ஒரு நாய் எட்டிப் பார்க்கலை. இப்போ காலையில புகார் பண்ணினா, மத்தியானம் அதிகாரி வாசல்ல வந்து நிக்கறார். டீ குடிக்கறார். மன்னிப்புக் கேக்கறார். இந்த ஊர் அலுவலகத்துல வேற எந்த அதிகாரி என் வீடு தேடி வந்திருக்கார்?"

"என் வீட்டுக்கும் வந்தார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"குடிதண்ணிக் குழாய் உடைஞ்சதுக்குக்கூட ஆள் வரலை. இவர் வந்தார். குழாயையும் பார்த்தார்" என்றது இன்னொரு குரல்.

கோல்பி மனைவியோடு வந்திருந்தான். "பக்கத்து ஊர்க்காரங்களே நம்ம காரைப் பத்திப் பேசறாங்க" என்றான். "வித்துட்டா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

மெர்வினின் கோரிக்கை வாக்குக்கு விடப்பட்டு, ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. மெர்வினும் கை தூக்கியிருந்தார். எந்தப் பக்கத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து வெளியே வந்ததும், ஹாங்க் வான்டர்வீன் தொண்டையைச் செருமினார்.

"மெர்வ், ஜனங்க இதைத் தூரத்துலேர்ந்துதான் கேட்டிருக்காங்க. ஒரு தடவை கிட்டத்துல கேக்கட்டுமே."

டன்ஸ்மோர் அலுவல்முறையில் அனுமதி அளித்தார். லோயிஸ் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மெர்வின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தார். எஞ்சினை உறுமவிட்டுப் பெடலை விட்டார். கார் பாய்ந்தது. நகர மண்டபத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன. மிஸஸ் பிக்கர்ஸ்கில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பொத்திய கைகளோடு தட்ட முடியாமல் தவித்தார். மற்றவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

ஏரிக்கரைச் சாலை முனை வரும்வரை மெர்வின் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது, எது வந்தாலும் வரட்டும் என்று திரும்பினார்.

லோயிஸ் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் கியருக்கு அவசரப்பட்டு மாத்திட்ட" என்றாள். "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்."