காலி எண்ணெய் டின்னும் கெமிஸ்ட்ரி சீட்டும்

விருதுநகர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ராஜபாண்டியன் அவர்களுக்கு ரத்தினசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் தங்கை சொர்ணலட்சுமியும், உங்கள் மருமகள் பிரீத்திகாவும் சுகம். அடுப்படிச் சன்னல் மட்டும் சுகமில்லை. அங்கு சிவகாசி நாரணாபுரத்தில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் பட்டாசுக் கம்பெனியும் சுகம்தானே? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் "சீசன்ல நிக்கேன் மாப்ளே" என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் கொத்தமல்லி லோடு ஏற்றிப் போகும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் இதுதான். பிரீத்திகாவுக்குக் காலேஜில் சீட் கிடைத்துவிட்டது. பிசிக்ஸா கெமிஸ்ட்ரியா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவள் கெமிஸ்ட்ரிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தக் காலை ஊன்றிவிட்டவர் நீங்கள். பொங்கலுக்கு வந்தபோது, "முடிச்சுட்டு வா தாயி, மாமா கம்பெனி லேப்ல உனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் பிசிக்ஸ் படி என்கிறேன். "ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டாள். "பிசிக்ஸ் வெடிக்காது" என்றேன். சிரித்தாள் மச்சான், அப்படியே உங்கள் சிரிப்பு.

பிறகு அவளே சொன்னாள்: பொருள் அதே பொருளாக இருந்துகொண்டு உருவம் மட்டும் மாறினால் பிசிக்ஸ், வேறு பொருளாகவே ஆகிவிட்டால் கெமிஸ்ட்ரி. காகிதத்தைக் கிழித்தால் பிசிக்ஸ், கொளுத்தினால் கெமிஸ்ட்ரி. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலசரக்குக் கடையில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தும் இப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே! மிளகாய் அரைப்பது பிசிக்ஸ், அதைக் கருக விடுவது கெமிஸ்ட்ரி. உப்பு கரைவது பிசிக்ஸ், மாவு புளிப்பது கெமிஸ்ட்ரி. வாடிக்கையாளர் சீனி கேட்டால் நான் பொட்டலம் கட்டாமல் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் தங்கைக்கு எரிச்சல் வந்து, "உங்க அப்பாவுக்குக் காலையிலே வருதே ஒரு கோவம், அது எதுலடி சேத்தி?" என்றாள். "சாயங்காலம் பழையபடி ஆயிருவாகல்லம்மா, பிசிக்ஸ்தான்" என்றது பிள்ளை.

கெமிஸ்ட்ரியிலேயே ஆபத்தில்லாத கிளை ஏதும் உண்டா என்று விசாரித்தேன். கனிமம், கரிமம், பகுப்பாய்வு என்று அடுக்கினாள். கரிமம் என்றால் ஆர்கானிக்காம். நம் கடையில் ஆர்கானிக் நாட்டுச்சர்க்கரை விற்கிறோமே, அதையே படியேன் தாயி என்றேன். "பெட்ரோலும் அதுலதாம்ப்பா வரும்" என்றாள். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

சரி, பிசிக்ஸ்தான் சாது என்று நிரூபித்துக் காட்டிவிடுவோம் என்று நேற்றுக் காலை இறங்கினேன் மச்சான், விதி யாரை விட்டது. காலி எண்ணெய் டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆவி பறக்கும்போது இறக்கி, மூடியை இறுக்கி, டின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் டின் ஒடுங்கும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ஒடுங்கும் என்றுதான் போட்டிருந்ததே தவிர, எப்படி என்று போடவில்லை. டமார்! ஆள் மிதித்ததுபோல் டின் நசுங்கிவிட்டது. பயத்தில் கையிலிருந்த செம்பை விட்டெறிந்தேன், சன்னல் போச்சு. நம் ஊர்ப்பக்கம் சத்தம் கேட்டால் யாராவது சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டுப் பலவேசம் "ஏலே, அண்ணாச்சி வீட்டுல மருந்து வெடிச்சுருச்சு!" என்று கத்தி, தெருவே கூடி, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது.

வந்த அதிகாரி முனியராஜ் நல்ல மனுஷர்தான். ஆனால் எடுத்ததுமே, "வெடிமருந்தை எங்கன வச்சிருக்கீக?" என்றார். மருந்தே இல்லை, பிசிக்ஸ் என்றேன். "அது என்ன, புதுசா வந்த வெடியா?" என்று பலவேசம் கேட்டான். உள்ளே என்ன இருந்தது என்றார் அதிகாரி. ஒன்றுமே இல்லை, அதனால்தான் இவ்வளவு சத்தம் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் பிரீத்திகா வந்து, உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிட்டது, வெளிக்காற்று நசுக்கிவிட்டது என்று விளக்கி, இன்னொரு டின்னில் செய்தும் காட்டினாள். டமார்! தெரு முழுக்கக் கைதட்டு. முனியராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டு, "எம்புட்டுக் காத்து நம்ம மேல உக்காந்திருக்கு பாருங்க! பாப்பா, இன்னொருக்கா செய்யுங்க" என்றார். மூன்றாவது டின்னை எடுத்துக் கொடுத்தது நான்தான். ஆசை யாரை விட்டது?

சிரிக்காதீர்கள் மச்சான். டிவியில் பட்டாசு ஆலை என்று எழுத்து ஓடினாலே உங்கள் தங்கை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். நீங்கள் எடுத்து "சொல்லு தாயி" என்கிற வரைக்கும் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அண்ணனுக்கே இப்படி என்றால், பெற்ற பிள்ளையும் அங்கே இருந்தால் நாங்கள் எப்படி உயிரோடு இருப்பது? இதை அவளிடமே கேட்டுவிட்டேன். "நான் வெடிக்க வைக்கவாப்பா போறேன்? எது எதோட சேரக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு அங்கன ஒண்ணு வேணும்லப்பா" என்கிறாள். நான் சொன்னால் எடுபடாது, தாய்மாமன் சொன்னால் கேட்பாள். "லேப்பில் வேலை இல்லை" என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாரியாத்தா உங்கள் கூரையையும் எங்கள் கூரையையும் காப்பாள். சன்னலுக்கு மட்டும் நானே கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் ரத்தினசாமி

பின்குறிப்பு: மல்லி லோடு கிளம்பாததால் கடிதம் கல்லாவிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரீத்திகா கடைக்கு வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் கீழே பிளீச்சிங் பவுடர் மூட்டையும், மேல் பலகையில் கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில்களும் இருந்தன. ஒரு பாட்டில் கசிந்துகொண்டிருந்தது. "அப்பா, முதல்ல வெளிய வாங்க" என்றாள், கத்தவில்லை. பாட்டில்களை இறக்கி வேறு இடத்தில் வைத்த பிறகுதான், இரண்டும் கலந்தால் நுரையீரலைத் தின்கிற புகை வரும் என்று சொன்னாள். கடை திறந்த நாளிலிருந்து அதற்கு முன்னால்தான் மச்சான் நான் உட்கார்ந்திருக்கிறேன், சிவகாசியை நினைத்துப் பயந்துகொண்டு.

இன்று திங்கட்கிழமை, காலேஜில் எந்தப் பாடம் என்று கேட்டார்கள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். கெமிஸ்ட்ரி என்று நான்தான் சொன்னேன். ஆகவே மேலே கேட்ட பொய்யைச் சொல்ல வேண்டாம். அவசரத்துக்கு வெளியே வர உங்கள் லேப்புக்கு வாசல் எத்தனை என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். ஒன்றுதான் என்றால், இவள் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று வைத்துவிடுங்கள். அவள் ஒரு வாசலில் வேலைக்குப் போகட்டும். மற்றதில் நின்று, உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று நான் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.