மகளை அழைத்துவரப் போன மாமனார் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மனைவியும் நலம். அங்கு உங்கள் நலமும், என்மேல் உங்களுக்குள்ள கோபத்தின் நலமும் அறிய ஆவல்.

"நர்ஸ் வேலை எங்கேயும் பார்க்கலாம் மாமா, மாற்றல் வாங்கச் சொல்லி இரண்டே நாளில் உங்க பெண்ணை மலையிலிருந்து கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பினீர்கள். இன்று பத்தொன்பதாம் நாள். நான் சும்மா இருக்கவில்லை. வந்த அன்றே கடைசி வளைவில் பஸ் திரும்பாது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், எதிரே ஒரு அருவி மாப்பிள்ளை, வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் பஸ் என் பெட்டியோடு கிளம்பிவிட்டது, துரத்திக்கொண்டு ஓடி, வழுக்கி விழுந்து, உங்கள் மனைவியின் ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். என் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் "கிளம்பும்மா" என்றேன். "முதல்ல நீங்க எந்திரிச்சு நில்லுங்கப்பா"ன்னா.

கட்டோடு ஊர் சுற்றினேன். தபால்காரர் சரித்திரம் சொன்னார். தொலைந்த மாட்டைத் தேடி ஒருத்தன் மலையேறினானாம். அவனைக் காணோமென்று கூப்பிட வந்த அண்ணன் இங்கேயே தங்கிவிட்டான். அண்ணனைக் கூப்பிட அண்ணி வந்தாள். அண்ணியை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். இப்படியே நாற்பத்திரண்டு வீடு! "மாடு என்னாச்சுய்யா?"ன்னேன். "அது அன்னிக்கே வீட்டுக்குப் போயிருச்சு சார்"ங்கிறார்.

காலையில மேகம் ஜன்னல் வழியா வந்து கட்டில் மேல உக்காருது மாப்பிள்ளை. தபால் ஆபீஸ் பின்னாடி நின்னா ஏழு மலை தெரியும், மழை விட்டா எட்டு. முப்பத்தாறு வருஷம் ஜன்னலே இல்லாத அறையில ஃபைல் கட்டினவன் நான். சந்தோஷமா இருக்கேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

ஆனால் ஆறு மாதமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறீர்களே, அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. எப்பாடுபட்டாவது அவளை நானே அழைத்து வருவேன். இது சத்தியம்.

உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பொறுமையும், முக்கியமாகப் பொறுமையும், பெருகட்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மனைவி படித்துவிட்டாள். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது வீட்டுக்குப் போகணும்ப்பா" என்று, போன மாதமே வந்த மாற்றல் உத்தரவைத் தன் பெட்டியிலிருந்து எடுத்தாள். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறவள் அவள்தான். முதலில் உட்காரச் சொல்லுங்கள். நான்தான் வரவில்லை. என்னை இழுத்துவர உங்கள் அத்தை கிளம்பினால் தயவுசெய்து தடுக்காதீர்கள். கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொடுத்து அனுப்புங்கள், இரண்டு ஜன்னல் உள்ள வீடாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.