பிரதிவாதியின் ஆழம்

சட்டப் பரீட்சையில் தேறாதவனால் யாருக்கும் பெரிய தீங்கு வந்துவிடாது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான், பக்கத்து வீட்டுக் கோழியைக்கூட உரக்க விரட்டியறியாத ஒரு விவசாயியை நான் கொலைகாரன் ஆக்கினேன். அதையும் கிரிமினல் கோர்ட்டில் செய்யவில்லை. சிவில் கோர்ட்டில் செய்தேன். (அப்படிச் செய்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.)

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் தருமபுரிக்கு வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பி.எல். பரீட்சை என்னைக் கைவிட்டிருந்தது. நான் அதைக் கைவிடவில்லை. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அத்தானிடம் ஒருநாள் சொன்னேன்: "வக்கீல் வைக்க வசதியில்லாம, தானே கோர்ட்டுல நின்னு பேசற ஏழைகளுக்கு இலவசமா சட்ட உதவி செய்யப்போறேன்."

அத்தான் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏம்பா, அவங்க ஏற்கெனவே கஷ்டத்துலதானே இருக்காங்க?" என்றார்.

இந்த மாதிரிப் பேச்சு கோழைகளைத் தடுக்கும். நான் மறுநாளே கோர்ட்டுக்கு எதிரே இருந்த சோடாக் கடையின் பெஞ்சில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். 'வழக்காடுவோருக்கு இலவச ஆலோசனை' என்று என் கையாலேயே எழுதிய அட்டையைச் சுவரில் மாட்டினேன். ஒரு வாரம் வரைக்கும் சோடா குடிப்பவர்கள் மட்டும் வந்தார்கள். 'இலவசம்' என்பதை மட்டும் படித்துவிட்டு இரண்டு பேர் சோடா கேட்டார்கள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ சென்னம்மா வந்தாள். மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கணவனை இழந்தவள், நாற்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ் என்று இரண்டையும் கலந்து பேசுகிற குடும்பம். வந்ததும் பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே தொடங்கிவிட்டாள்.

"மொளகாச் செடி பூவெடுத்து நிக்குதுங்க. தண்ணியில்லாம காயுது. ஏரியிலிருந்து கொடத்துல தூக்கித் தூக்கி ஊத்தறேன். எத்தன நாளைக்கிங்க தூக்கறது? பாவா முள்ளு போட்டு அடச்சிட்டாரு."

"பாவான்னா யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரோட அண்ணனுங்க."

கன்னடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தையோடு கன்னடம் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அடுத்த நிமிஷமே அவள், "பாவியில எனக்குப் பாதி பங்கு உண்டுங்க. அந்தப் பாவி எங்க மாமனாரு வெட்டுனதுங்க" என்றாள். மரியாதை இருக்கும்போது பாவா. கோபம் வந்துவிட்டால் பாவி. இலக்கணம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அந்தப் 'பா' அடிவயிற்றிலிருந்து அழுத்தமாக வந்தது. எவ்வளவு ஆத்திரம் பாருங்கள் என்று மனசுக்குள் இரங்கினேன்.

"மாமனாரை வெட்டியதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, வெட்டுனதுதான். நானுந்தான் கூட நின்னு மண்ணு அள்ளிப் போட்டேன்."

அடக்கம் செய்ததைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை பெரிய துக்கத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே, என்ன நெஞ்சுரம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப கவல ஓட்ட வழியில்லீங்க. அந்த வழியத்தான் நீங்க செஞ்சு குடுக்கோணும்" என்று முடித்தாள்.

அப்படியே எழுதினேன். வாதி பெருங்கவலையில் இருக்கிறாள். நிலத்துக்குப் போகும் வழியை முள் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். (கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைப்பது என்று அந்தப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் காவிரிக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் தானாக வரும். கவலையும் தானாகத்தான் வரும்.) கோர்ட்டில் வசைச்சொல் கூடாது என்பது எனக்குத் தெரிந்த சொற்பச் சட்டங்களில் ஒன்று. அதனால் அவள் பாவி என்று சொன்ன இடத்திலெல்லாம் 'பிரதிவாதி' என்று நாகரிகமாக மாற்றினேன். எழுதி முடித்ததும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"பிரதிவாதின்னா என்னங்க?" என்றாள்.

"நீங்க பாவின்னு சொன்னீங்களே, அதுக்குக் கோர்ட்டு வார்த்தை."

"அப்படீங்களா!" என்று அவள் முகம் மலர்ந்தது. அந்த வார்த்தையை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி உருட்டினாள்.

செடி காய்கிறதே என்று அவசர மனுவும் சேர்த்துப் போட்டிருந்ததால் அடுத்த வாரமே விசாரணை வந்தது. வக்கீல் அல்லாத நான் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. பின்பக்கச் சுவரோரம் போய் நின்றேன். பாவாவும் வக்கீல் வைக்கவில்லை. மெலிந்த மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சென்னம்மாவுக்கு ஒரு கை தள்ளி நின்றார். தகப்பனை வெட்டியவருக்குரிய எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. பலே கைகாரன் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்சீப் பிராதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"வக்கீல் இல்லையா அம்மா?"

"வாயி இருக்குதுங்க, சாமி."

"சரி. பிரதிவாதி எங்கே?"

"தோட்டத்துலதானுங்க."

பக்கத்தில் நின்ற பாவா தன்னைத்தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"கோர்ட்டுக்கு வரவில்லையா?"

"அது எப்பிடிங்க வரும்? நாமதான் அங்க போவோணும்."

"என்ன வயதிருக்கும்?"

"நான் வாக்கப்பட்டு வந்த வருசத்துல வெட்டுனதுங்க."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. முன்சீப் பொறுமையாகக் கேட்டார்: "உன் மாமனாரைப் பிரதிவாதி வெட்டியதாக இங்கே எழுதியிருக்கிறதே?"

"மாமனாருதாங்க வெட்டுனாரு. நான் மண்ணு சொமந்தேன்."

"இப்போது பிரதிவாதி எந்த நிலைமையில் இருக்கிறான்?"

"முள்ளு போட்டு மூடிக் கெடக்குதுங்க. உள்ளார ரெண்டாள் ஒசரத்துக்குத் தண்ணி நிக்குது. தவள உழுந்து நாறுது, சாமி. ஒரு ஆள எறக்கிப் பாருங்க, தெரியும்!"

அதுவரை திகைத்து நின்ற பாவா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு அலறினார். "சாமி! எங்கப்பன நான் வெட்டலீங்க! காச்ச வந்து பாயில கெடந்து செத்தாருங்க! ஊரே வந்து எடுத்துப் போட்டுதுங்க! வேணும்னா ஊர்க்கவுண்டரக் கேளுங்க!"

"நீ யார்?" என்றார் முன்சீப்.

"பிரதிவாதிங்க" என்றான் டவாலி.

சென்னம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரா? இவரு எங்க பாவாங்க. பிரதிவாதின்னா பாவியில்லீங்களா?"

முன்சீப் பெல்லாரிப் பக்கத்து மனிதர். நாற்காலியில் சாய்ந்து, கன்னடத்தில் அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் "ஹௌது சாமி, ஹௌது" என்று தலையாட்டிவிட்டு, கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். பிறகு ஆழம் காட்டினாள். பிறகு கயிறு இழுத்துக் காட்டினாள்.

முன்சீப் கோர்ட்டில் இருந்தவர்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "கன்னடத்தில் பாவி என்றால் கிணறு."

அந்தச் சிரிப்பு ஓய வெகுநேரமாயிற்று. நம் எழுத்தில் கன்னடப் பாவிக்கும் தமிழ்ப் பாவிக்கும் ஒரே 'பா'தான். காது இருக்கிறவனுக்கு வித்தியாசம் கேட்கும். எனக்கும் கேட்டது, அதை ஆத்திரக் கணக்கில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"இதை எழுதிக்கொடுத்தது யார்?"

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் எடுத்த காரியத்தில் கடைசிவரை நிற்பது என்று தீர்மானம் செய்திருந்தேன். (வாசலை அடைத்துக்கொண்டு சிரிக்கிற கூட்டமும் நின்றது; அதையும் சொல்லிவிடுகிறேன்.) சென்னம்மா திரும்பி நன்றியோடு என்னைக் கைகாட்டினாள். "அந்த ஐயாதானுங்க. காசு ஒண்ணும் வாங்கலீங்க."

"அது அவருடைய அதிர்ஷ்டம்" என்றார் முன்சீப்.

பிறகு அவர் பாவாவைப் பார்த்துக் கேட்டார்: "கிணற்றில் அவளுக்குப் பாதி உண்டா?"

"உண்டுங்க, சாமி. யாரு இல்லேன்னா?"

"பின்னே ஏன் முள் போட்டாய்?"

பாவா தரையைப் பார்த்தார். "பண்டிகைக்கு ஊரையெல்லாம் கூப்பிட்டா. என்ன மட்டும் கூப்பிடலீங்க."

"கூப்பிடாம என்ன? ஆளனுப்புனேன்" என்றாள் சென்னம்மா.

"ஆள அனுப்புனே. நீ வந்தியா?"

முன்சீப் மேஜையைத் தட்டினார். முள்ளை எடுக்கிறாயா, வழக்கு நடத்துகிறாயா என்று கேட்டார். பாவா கும்பிட்டபடி சொன்னார்: "இன்னிக்கே எடுத்துடறேனுங்க. தவளையும் நானே எடுத்துடறேன். எங்கப்பன வெட்டுனேன்னு இருக்குதே, அந்தத் தாள மட்டும் கிழிச்சுப்போடுங்க, சாமி." கிழிக்கவில்லை. ஆனால் ராஜி எழுதினார்கள். அன்று சாயங்காலமே கவலை ஓடியது, மிளகாய் பிழைத்தது. கிணறு என்ற ஒரு வார்த்தைகூட இல்லாத பிராதை வைத்துக்கொண்டு கிணற்று வழக்கில் ஜெயித்தவன் நான்.

அக்கா வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கிணறு என்று சொல்வதில்லை. "பிரதிவாதியில வாளி விழுந்துடுச்சு, பாதாளக்கரண்டி கொண்டா" என்றுதான் இன்றைக்கும் பேச்சு. அக்காவின் மாட்டுப்பெண் வந்த புதிதில் மிரண்டுபோய் விசாரிக்க, முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னார்கள். அடுத்த மாட்டுப்பெண்ணுக்கு அவளே சொன்னாள், எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான அசட்டுத்தனத்தைச் சேர்த்து.

நாலைந்து வருஷம் கழித்து, யுத்த காலத்தில், தருமபுரிச் சந்தையில் சென்னம்மாவைப் பார்த்தேன். மிளகாய்ச் சாக்குமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாவா தராசு பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எழுந்து கும்பிட்டார்கள்.

"உங்க பேரச் சொல்லாத நாளில்லீங்க. உங்களால எங்கூர்ல வழக்கே இல்லாமப் போச்சு" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊருக்கே சட்ட ஞானம் பரவிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, "அப்படியா? எப்படி?" என்று கேட்டேன்.

பாவா தராசைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"எவனாச்சும் சண்டைக்கு வந்தா, 'நமக்குள்ள பேசித் தீத்துக்கலாமா, இல்ல அந்த ஐயாகிட்டப் போயி எழுதி வாங்கிட்டு வரட்டுமா'ன்னு கேக்கறோமுங்க. உடனே அடங்கிப்போறானுங்க."