டிரைவர் பக்கத்துக் கதவு

இனி என் காரை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் செய்தேன். மனைவி தொடக் கூடாது என்பது பழைய சபதம். லைசென்ஸ் அவளிடம் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டில் என் கைவசம் மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அந்த ஸ்டீயரிங்தான். அதுவும் போனால் நான் வெறும் மேஜை நாற்காலி.

சபதத்துக்குக் காரணம் மழை. மெக்கானிக் சரிசெய்து கொடுத்த டிரைவர் பக்கத்துக் கதவு மறுபடி ஒழுகி, ஆபீசில் போய் இறங்கும்போது என் பேண்ட்டின் பின்பக்கம் சொதசொத என்றிருந்தது. மேனேஜர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு விமானம் பழுது பார்க்கும் வேலை. தேதி முடிந்துவிட்டது, விமானத்துக்கு ஆகாது என்று கழித்துப் போட்ட, ஒழுகல் அடைக்கும் சீலன்ட் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணே, இது சாதாரணப் பசை இல்ல. பூசினதுக்கப்புறம்..."

"எனக்கேவா தம்பி?" என்று டியூபைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவின் ரப்பரைச் சுற்றி வழிய வழியப் பூசினேன். மனைவி அவனிடம் ஏதோ பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இன்னொரு கோட்டிங் போடுங்களேன். மேகத்துக்குள்ள போற பிளேனுக்கே தாங்குதுன்னா சும்மாவா?"

"பாத்தியா, உனக்கே புரியுது!"

"கண்ணாடி ஓரத்தையும் விடாதீங்க."

விடவில்லை.

"திறந்து போட்டா பூனை ஏறிப் படுத்துக்கும். நல்லா அழுத்திச் சாத்துங்க. உங்க கைக்குத்தான் அந்த பலம் உண்டு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பலத்தைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நானோ பூரித்துப்போய்ப் படார் என்று சாத்தினேன்.

மறுநாள் காலை கதவு வரவில்லை. ஒரு காலை வண்டியில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். கைப்பிடி மட்டும் வந்தது. கண்ணாடியும் இறங்கவில்லை. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற எண்ணெய் ஒரு டப்பா வைத்திருந்தேன். அதை இடுக்கெல்லாம் பீய்ச்சினேன்.

"துருவை இளக்குற எண்ணெய் பசையை என்னங்க பண்ணும்?"

"பேசாம இரு. உள்ள போய் ஊறும்."

ஊறியது. என் சட்டையில்.

இடது பக்கக் கதவு வழியாக நுழைந்து, சீட்டு விட்டு சீட்டு தாவப் பார்த்தேன். கியர் கம்பிக்கும் என் தொப்பைக்கும் ஒத்துப்போகவில்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டேன். அவள்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"ஆபீசுக்கு நேரமாச்சு. சாவியைக் குடுங்க."

அழாத குறையாகக் கொடுத்தேன். அவள் நோகாமல் நழுவி டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஓட்டினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் தம்பியை வாசலில் மடக்கினேன்.

"உன் பசை கதவையே ஒட்டிடுச்சுப்பா! இதைக் கரைக்க வழியே இல்லையா?"

"என்னண்ணே இது? காயற வரைக்கும் கதவைத் திறந்து வைக்கணும்னு அண்ணிகிட்ட நேத்தே சொன்னேனே. கரைக்கிற மருந்தையும் அவங்க கையிலதானே குடுத்தேன்!"

உள்ளே ஓடினேன்.

"எங்கே அந்த மருந்து?"

அவள் கார் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பத்திரமா இருக்குங்க. நாளைக்கு நேரத்தோட வாசல்ல வந்து நில்லுங்க, ஹாரன் அடிச்சுக் கூப்பிடற பழக்கம் எனக்கில்ல."