மேற்படி குரங்கு

சாரல் காலத்தில் குற்றாலப் பக்கம் தலைகாட்டும் உயிரினங்களில் குரங்கு, குளிக்க வந்தவர், குளித்துவிட்டு மறுபடியும் குளிக்க வந்தவர் ஆகிய மூன்றையும் நீங்கள் அறிவீர்கள். நான்காவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்குச் சாரல் தேவையில்லை; ஆண்டு முழுவதும் அகப்படும். பெயர், ‘ஓய்வுக்குப் பின் குழந்தை எழுத்தாளர்’.

அடையாளம் காண்பது எளிது. நேற்றுவரை இவர் எதிரே நாற்காலி இருந்தும் உட்காரத் துணிந்தவர் இல்லை. இன்று பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற குழந்தையை வழிமறித்து, “உனக்கு முயல் பிடிக்குமா?” என்று கேட்கிறார். குழந்தை பிடிக்காது என்கிறது. “பிடிக்கும்” என்று இவரே திருத்திவிட்டு வீட்டுக்குப் போய் எழுத உட்காருகிறார். பெரியவர்களுக்கு எழுதினால் படிப்பார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகம் இவருக்கு உண்டு. குழந்தைகள் விஷயத்தில் அது கிடையாது. ஏன்? குழந்தைகள் சிறியவர்களாயிற்றே! யானையை வரைவதைவிட எறும்பை வரைவது சுலபம் என்று நம்புகிற இனம் இது.

ஆள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவார். வேலை அவரைவிட்டு நகராது. செங்கோட்டையில் ஒரு வங்கி மேலாளர் எழுதிய கதையில், அணில் ஒரு கொய்யாப்பழத்தைக் கடிப்பதற்கு முன்னால் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கூட்டிவருகிறது. கட்டடப் பொறியாளர் எழுதியதில் தூக்கணாங்குருவி டெண்டர் விடுகிறது. கூடு முடிவதற்குள் மூன்று மழைக்காலம் போய்விடுகிறது. தாலுகா ஆபீசில் இருந்த அம்மா ஒருவர் படைத்த சிங்க ராஜாவுக்கு, “நாளைக்கு வா” என்பதைத் தவிர வேறு வசனமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அது நல்ல கதை.

ஆனாலும் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க நீங்கள் மேலகரத்துக்குத்தான் வரவேண்டும். அங்கே இருக்கிறார் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் சுடலைக்கண்ணு.

‘முன்னொரு காலத்திலே’ என்று இவரால் தொடங்க முடியாது. எந்தக் காலத்திலே? தேதி வேண்டாமா? ஆகவே கதை இப்படித் தொடங்கியது: ‘மேற்படி குரங்கு, ஐந்தருவி பஸ் நிறுத்தத்துக்குக் கிழக்கே, சந்தேகத்துக்கு இடமான வகையில் உலாவிக்கொண்டிருந்தபோது...’ குளிக்க வந்த ஓர் அம்மாளின் மங்குஸ்தான் பழப் பையைக் குரங்கு பறிக்கிறது. பிடிபடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. இவ்வளவும் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுவதால் மீதிப் பக்கமெல்லாம் அறிவுரை.

அவர் மனைவி வள்ளித்தாய் படித்துப் பார்த்தார்.

“ஏங்க, குரங்கு எதுக்குப் பறிச்சுது?”

“பசி.”

“அதை ஒரு வரி எழுதப்படாதா?”

“அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்கிடட்டும்.”

அச்சகத்துக்குப் புறப்பட்டவரை வாசலில் மறித்தவரும் வள்ளித்தாய்தான். “இங்கேருங்க, ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை இதைக் கேட்டுச் சிரிச்சுதுன்னா அச்சடிச்சுக்கிடுங்க. இல்லைன்னா பேசாம வாழைக்குத் தண்ணி பாய்ச்சுங்க.”

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். எத்தனையோ பேரைப் பேச வைத்தவர். ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்க முடியாதா? முடியவில்லை. தெருப்பிள்ளைகள் இவர் தலையைக் கண்டதும் காணாமல் போனார்கள். அகப்பட்ட ஒன்று, கதை தொடங்குவதற்கு முன்பே, “நான் ஒண்ணும் செய்யல” என்று அழுதது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் நூலகத்தில் கதை நேரம் ஏற்பாடாயிற்று. வெளியே நல்ல சாரல். தப்பி ஓட வழியில்லை. பந்தயத்தை மேற்பார்வையிட வள்ளித்தாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வாசித்தார். முன்வரிசையில் ஒரு கொட்டாவி கிளம்பி, பக்கத்துப் பிள்ளைக்குத் தாவி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, வள்ளித்தாய் வரை வந்து முடிந்தது. குரங்கு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கட்டத்தில், நாலாம் வகுப்பு முத்துச்செல்வி கையைத் தூக்கினாள்.

“தாத்தா, அந்தக் குரங்குதான் எடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? அங்கன அம்புட்டுக் குரங்கு கெடக்கே. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான?”

வேறு எழுத்தாளராக இருந்தால் ‘அருமையான கேள்வி’ என்று பாராட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார். இவர் அப்படிப் போவாரா? வழக்கில் ஓட்டை விழுந்துவிட்டதே! மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடையாள அணிவகுப்பு நடத்திருவோம்.”

ஒரே சாயலில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தி, ‘இவர்களில் யார்?’ என்று சாட்சியைக் கேட்கும் சடங்கு அது. குரங்குகளாக நிற்க யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அறையே எழுந்து நின்றது. மங்குஸ்தானைப் பறிகொடுத்த அம்மாளாக வள்ளித்தாய். மாஜிஸ்திரேட், கேள்வி கேட்ட முத்துச்செல்வி.

“மாஜிஸ்திரேட்தான் இதை நடத்தணும். போலீஸ் பக்கத்துலயே நிக்கப்படாது. அதான் சட்டம்” என்று விளக்கினார்.

“அப்போ நீங்க வெளிய போங்க தாத்தா.”

“நான் கதை எழுதினவம்லா?”

“போலீஸ்லா?”

யோசித்தார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சட்டம் அவரைப் பார்த்தது. வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே விசாரணை சூடுபிடித்தது.

“எம்மா, இவனா பாருங்க!”

“நான் இல்ல. நான் நேத்து செங்கோட்டையில மாமா வீட்டுல இருந்தேன்!”

“ஏலே இசக்கி, குரங்கு பேசாதுலே!”

“பேசும்லே! தாத்தா கதையில ஒத்துக்கிட்டுல்லா!”

ஒரு சிரிப்பு வெடித்தது. அதன் மேல் இன்னொன்று. பிறகு தரையில் யாரோ உருளும் சத்தம்.

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். “ஏட்டி, யாரு சிரிக்கது?”

“எல்லாரும்!”

“எதுக்கு?”

“விசாரணை நடக்குது. போலீஸ் வரப்படாது!”

கற்பனை செய்து பாருங்கள். தன் கதைக்கு ஒரு பிள்ளை சிரிக்காதா என்று தவம் கிடந்த மனிதர், அறை நிறையப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, சாரலில் நனைந்துகொண்டு சாத்திய கதவைப் பார்த்து நிற்கிறார்!

கதவு திறந்தது. வள்ளித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நாந்தான் திருடின்னு தீர்ப்பு. பழத்தையெல்லாம் நானே தின்னுட்டுக் குரங்கு மேல பழியைப் போட்டுட்டேனாம்.”

“எங்கதையில அப்படி இல்லையே?”

“அதனாலதான் சிரிச்சுது.”

அவர் குரல் இறங்கியது. “அப்போ... பந்தயம்?”

வள்ளித்தாய் அவர் தலையை முந்தானையால் துவட்டினார். “அச்சடிங்க. ஆனா பிள்ளைங்க சொன்ன இந்தக் கதையை அச்சடிங்க. முதல்ல உள்ள போயி, பெறகு என்னாச்சுன்னு அதுங்ககிட்டக் கேளுங்க. அதட்டாமக் கேட்கணும்.”

உள்ளே போய், பிள்ளைகளின் குட்டி ஸ்டூலில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, “பெறகு குரங்கு என்ன செஞ்சுது?” என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

புத்தகம் வந்துவிட்டது. குரங்கு விடுதலை. கடைசிப் பக்கத்தை மட்டும் இன்ஸ்பெக்டர் யாரையும் கேட்காமல் எழுதியிருக்கிறார்: ‘மேற்படி குரங்கு தினமும் காலையில் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும்.’ பிள்ளைகள் அதிகம் சிரிப்பது அந்தப் பக்கத்துக்குத்தான். அவர் அதை வேடிக்கைக்காக எழுதவில்லை.

சரி, நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, ‘குழந்தைகளுக்குத்தானே, இதைவிட நல்லதாக நாமே ஒன்று எழுதிவிடலாமே’ என்று மனசின் ஓரத்தில் தோன்றவில்லையா? அங்கே ஒரு முயல் துள்ளி ஓடவில்லையா? ஓடட்டும், தப்பில்லை. சற்றே நிறுத்தி அதன் கழுத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். ஓர் அடையாள அட்டை தொங்குமே. எந்த ஆபீஸ்?